கையில் கொடுத்த கத்தி

கத்திப் பட்டறை என்றாலே எல்லோருக்கும் சம்மட்டியோடு நிற்கிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வருகிற பயல்களும் உலைக்கு முன்னால்தான் குத்தவைக்கிறார்கள். நெருப்பு பறக்க வேண்டும், வேர்வை சொட்ட வேண்டும், இரும்பு சிவக்க வேண்டும். சரி, சிவந்த இரும்பு அப்புறம் என்ன ஆகிறது? அதைக் கேட்க ஒருத்தருக்கும் நேரமில்லை. கொட்டகைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பொன்னுத்தங்கத்தை இதுவரை ஒரு பயலும் படம் எடுத்ததில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. இந்தக் கதையைச் சொல்ல வந்ததே அந்தக் கோபத்தில்தான்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில், வீடுகள் முடிந்து கருவேலங்காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது மகேஷ்குமாரின் பட்டறை. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்து, கறி வெட்ட, காய் நறுக்க, மீன் அரிய என்று விதவிதமாகக் கத்தி செய்கிறான். தொழில் படுத்துவிட்டதோ என்று யாரும் இரக்கப்பட வேண்டாம், ஜாம்ஜாமென்று நடக்கிறது. அவன் மனைவி பிரீத்தி கத்திகளைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆர்டர் வந்து குவிகிறது.

சம்மட்டி வேலை முடிந்ததும் கத்தியைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்குவான் மகேஷ்குமார். துவைச்சல் என்பார்கள். அப்போதுதான் இரும்பு இறுகும். இறுகினால் மட்டும் போதுமா? கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடைந்துபோகும். அதனால், மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து வாங்கி வந்த அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடு காட்டி எடுப்பான். பன் வெந்த அடுப்பில் இப்போது கத்தி வேகிறது. வெந்து வெளியே வருகிற கத்தியைப் பார்த்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பீர்கள். கன்னங்கரேலென்று, செதில் செதிலாக, எண்ணெய் தீய்ந்த பிசுக்கோடு, அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி இருக்கும். அதற்கு முகம் கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். பொன்னுத்தங்கமும் முருகேஸ்வரியும்.

பொன்னுத்தங்கம் முதல் கை. கத்தியைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டு, கருந்தோல் இளகியதும் கம்பி நாரால் தேய்த்துக் கழற்றுவாள். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைப்பாள். ஈரம் நின்றால் திரும்பிப் பார்ப்பதற்குள் துரு ஏறிவிடும். பிறகு உப்புத்தாள். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, அதில் முரட்டுத் தாளைச் சுற்றி, கத்தியைக் குறுக்குவாக்கில் இழுத்து மேடுபள்ளத்தை அடக்குவாள். அந்த முரட்டுத் தாள் ஆழமாகக் கோடு போடும். அந்தக் கோடுகளை இன்னொரு தாளால் எடுத்துவிட்டுத்தான் இரண்டாம் கைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் கை முருகேஸ்வரி. நைசான தாளை எண்ணெய் தொட்டு நெடுக்குவாக்கில் இழுத்து, கத்தி முழுக்க ஒரே திசையில் மெல்லிசாக ஒரு பளபளப்பைக் கொண்டுவந்துவிடுவாள். ஆழக்கோடு ஒன்று தப்பி வந்துவிட்டால் நைஸ் தாள் அதை ஒன்றும் செய்யாது, பளபளப்புக்கு நடுவில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும்.

இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் ஒரு பழைய மாமரப் பலகை. பொன்னுத்தங்கம் வேலையை முடித்துக் கத்தியைப் பலகையில் வைப்பாள், முருகேஸ்வரி பலகையிலிருந்து எடுத்துக்கொள்வாள். கைக்குக் கை மாற்றவே மாட்டார்கள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்களே, அதேதான். நமக்கு வருஷத்தில் என்றைக்கோ ஒரு நாள் வருகிற பயம். இவர்களுக்கோ கத்திதான் வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே பயம். அதனால் அந்தப் பலகைக்கு ஒரு மரியாதை. வெள்ளிக்கிழமைகளில் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பாள் முருகேஸ்வரி.

பொன்னுத்தங்கம் பிறந்தது ஏழாயிரம்பண்ணைப் பக்கம். தாவணி போட்ட வயதிலேயே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த் திரி எண்ணியவள். குவிந்து கிடக்கிற திரியில் ஒன்று நீளம் குறைந்திருந்தால் எட்ட நின்றே சொல்லிவிடுவாளாம். "அந்தப் பிள்ளைக்குக் கழுகுக் கண்ணு" என்று கங்காணி சொன்னதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கல்யாணமாகி அய்யப்பனோடு இந்தப் பக்கம் வந்து, மகேஷ்குமார் பட்டறை போட்டபோது வேலைக்குச் சேர்ந்தாள். அய்யப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். காலண்டர் கட்டு, தகர டப்பா, தேங்காய் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார், வாயில் மட்டும் கேலி தீராது. முருகேஸ்வரி அவளுக்குப் பிறகு வந்தவள், வயதில் சின்னவள், அடுத்த தெரு. ஒருத்தி கொண்டுவந்த குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொள்ளாமல் அங்கே மதியச் சாப்பாடு நடந்ததில்லை. பேச்சு? அதைச் சொல்லி மாளாது. உப்புத்தாள் தேய்ந்தாலும் பேச்சுத் தேயாது.

அப்படி இருந்தவர்களுக்கு நடுவில்தான் வந்து விழுந்தது அந்தப் புதன்கிழமை.

விருதுநகரில் கறிக்கடை வைத்திருக்கும் அப்துல் ஹலீம் பாய் ஒரு பெரிய கறிக்கத்தி ஆர்டர் கொடுத்திருந்தார். முன்பக்கம் அகன்று, பின்பக்கம் கனத்து, பட்டறையிலேயே அந்த மாதிரி அது ஒன்றுதான். பொன்னுத்தங்கம் தன் வேலையை முடித்து, பழக்கத்தில் பலகையில் வைக்கப் போனாள். பலகையைக் காணோம்!

பிரீத்தி எடுத்துப் போயிருந்தாள். பழைய பலகைமேல் கத்தியை வைத்துப் படம் எடுத்தால் பெங்களூர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறதாம். புதுப் பலகை வாங்க வக்கில்லாத வீடா அது? பழசுதான் வேண்டுமாம். என்ன ரசனையோ!

முருகேஸ்வரி எண்ணெய்க் கையை நீட்டினாள். "குடு யக்கா, நேரமாச்சு."

பொன்னுத்தங்கமும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். கத்தி கை மாறியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"ஏட்டி, கையில குடுத்துட்டேனே!"

"அட விடு யக்கா. இன்னும் கூரே போடல. கூர் போடாத கத்தி கத்தியா? நமக்கு என்ன சண்டை வரப்போவுது?" என்று சிரித்தாள் முருகேஸ்வரி. பொன்னுத்தங்கமும் சிரித்தாள். ஆனாலும் அன்று முழுக்க அவள் மனதுக்குள் ஒரு நெருடல்.

மறுநாள் காலையிலேயே வந்து சேர்ந்தது சண்டை. பெங்களூரில் கத்தி வாங்கிய யாரோ ஒரு மகராசன் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பிடிக்குப் பக்கத்தில் குறுக்காக ஓர் ஆழக்கோடு. மகேஷ்குமார் போனைக் கொண்டுவந்து காட்டி, "யக்கா, இது எப்படித் தப்புச்சு?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பொன்னுத்தங்கம் படத்தைப் பார்த்தாள். பார்த்த மாதிரி தலையை ஆட்டினாள். "கடைசியா தொட்ட ஆளைக் கேளுங்க தம்பி. நான் பார்த்துத்தான் கீள வைப்பேன்."

முருகேஸ்வரி தாளைக் கீழே போட்டாள். "என்னது? நான் விட்ட கோடா அது? குறுக்கால கெடக்கு, நான் என்னைக்கு குறுக்கால இழுத்தேன்?"

"பார்த்துட்டு என்கிட்டத் திருப்பித் தந்திருக்கணும்ல? என்னத்துக்கு அனுப்புன?"

"திருப்பித் தரணுமா? எம்புட்டைத் திருப்ப? கண்ணு தெரியலன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே!"

அவ்வளவுதான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொன்னுத்தங்கம் பொறுத்துக்கொண்டிருப்பாள். கழுகுக் கண்ணு என்று பெயர் வாங்கியவளைப் பார்த்துக் கண்ணு தெரியலை என்றால்?

"என் கண்ணைச் சொல்ல நீ யாருட்டி? இனிமே உன் மூஞ்சியில முளிச்சா என்னன்னு கேளு!"

"நானும் முளிக்கப் போறதில்ல. புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில சீசனுக்கு ஆளு கேட்டுக்கிட்டேதான் இருக்காக. திங்கக்கெளமை கம்பெனி வண்டியில ஏறுறேன். நீயே முதல் கையா இரு, நீயே ரெண்டாங் கையா இரு!"

ஹலீம் பாயின் கத்தியை நாலு இழுப்பு இழுத்து, எண்ணெயைத் தடவி, மகேஷ்குமாரின் மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டு முருகேஸ்வரி நடையைக் கட்டினாள். மகேஷ்குமார் அதற்குப் பிடி மாட்டிக் கூர் போட்டான். சாயங்காலமே ஹலீம் பாய் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று வீட்டில் பொன்னுத்தங்கம் சோறு போடுகிற சத்தத்திலேயே அய்யப்பனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "சண்டை போட்டது நீங்க ரெண்டு பேரு. பளி இரும்பு மேலயா?" என்றார்.

"பின்னே? இத்தனை வருசத்துல ஒரு நாள் கையில குடுத்தோம், மறுநாளே சண்டை. நீங்களே சொல்லுங்க."

"கையில குடுக்காமயே நீயும் நானும் தெனமும் போடுறோமே" என்றார் அவர். அதற்கு மேல் அவருக்கு ரசம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொன்னுத்தங்கம் தனியாக உட்கார்ந்தாள். பலகை திரும்பி வந்திருந்தது. பொட்டு வைக்க ஆளில்லை. தோலைக் கழற்றினாள், முரட்டுத் தாள் இழுத்தாள், அடுத்த தாள் இழுத்தாள், நைஸ் தாளும் இழுத்தாள். எதிரே வெறும் சாக்கு. பேச ஆளில்லாமல் வாய் புளித்துப்போனது. கடைசியில் ஒரு காய்கறிக் கத்தியிடம், "நீயாவது ஒழுங்கா இரு" என்று பேசிக்கொண்டிருந்ததை மகேஷ்குமார் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போய்விட்டான். சாயங்காலம் கத்திகளை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. முருகேஸ்வரி இல்லாவிட்டால் வேலை நடக்காதா என்ன என்று ஒரு வீம்பு.

சனிக்கிழமை காலை பிரீத்தி அந்தக் கத்திகளைப் படம் எடுத்தாள். எடுத்தவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு மெதுவாகப் பொன்னுத்தங்கத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, கோவிச்சுக்காதீக. இதைப் பாருங்க."

பெரிதாக்கிய படத்தில் கத்தி ஒரு முழம் அகலத்துக்குத் தெரிந்தது. அதில் குறுக்குக் குறுக்காகக் கோடு. ஒன்றா இரண்டா? அறுப்பு முடிந்த வயல் மாதிரி இருந்தது. அடுத்த கத்தி, அதற்கு அடுத்தது, எல்லாமே அப்படித்தான்.

"இதெல்லாம் நான் நேத்து முடிச்சதா?"

"ஆமாக்கா. முன்னால எடுத்த படத்துல ஒண்ணுலகூட இப்படி இல்ல. அந்த பெங்களூர் கத்தி ஒண்ணுதான் தப்புச்சிருக்கு."

பொன்னுத்தங்கம் கத்தியைக் கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். மங்கியது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். கொஞ்சம் தெரிந்தது. இன்னும் தள்ளிப் பிடிக்கக் கை நீளவில்லை. ஊசியில் நூல் கோர்க்க அய்யப்பனைக் கூப்பிடுவதும், பஸ் டிக்கெட்டை அடுத்தவரிடம் காட்டிக் கேட்பதும் அப்போது வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன. வெளிச்சம் சரியில்லை, எழுத்து சரியில்லை என்று இத்தனை நாளும் ஊரையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள்!

அப்படியானால் இத்தனை நாளும் அவள் விட்ட கோடுகள் எங்கே போயின? கோடு தானாகவா அழியும்? எதிரே உட்கார்ந்தவள் எடுத்திருக்கிறாள். முரட்டு வேலையையும் சேர்த்துச் செய்து, வாயைத் திறக்காமல், கூடவே கதையும் பேசிக்கொண்டு எடுத்திருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் "கடைசியா தொட்ட ஆளைக் கேளுங்க" என்று சொல்லியிருக்கிறாள் பொன்னுத்தங்கம்.

அவளுக்கு அழுகை வந்தது. பிரீத்தி பார்க்கிறாளே என்று புளிக்கரைசல் கண்ணில் பட்டுவிட்டதாகச் சொன்னாள்.

போய் முருகேஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டால் முடிந்தது விஷயம். நீங்களும் நானும் அப்படித்தான் சொல்லுவோம், நமக்கென்ன. பொன்னுத்தங்கத்துக்கு அது வராது. அய்யப்பனிடமே அவள் மன்னிப்புக் கேட்டதில்லை, அவர் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை வண்டி வந்துவிட்டால் எதிர்ச்சாக்கு காலிதான். என்ன செய்ய? அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. எல்லாம் அந்தக் கறிக்கத்தியால் வந்தது. அதை வாங்கிவந்து, முறைப்படி பலகையில் வைத்து, முருகேஸ்வரியைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். கத்தியின் தோஷம் போய்விட்டால் யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. இதை மகேஷ்குமாரிடம் சொன்னபோது அவன் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

"யக்கா, அன்னைக்கு அதுக்குக் கூரே போடலயே. வெறும் பட்டைதானே அது?"

"கூர் இல்லாமலே இம்புட்டு வேலை பாத்திருக்கு தம்பி. இருந்திருந்தா?" என்றாள்.

அய்யப்பன் விருதுநகருக்கு லோடு கொண்டுபோகிற நேரம். லோடு ஆட்டோவில் காலண்டர் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கறிக்கடையில் ஹலீம் பாய் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்குக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா, பட்டறையிலருந்தா? கத்தியைக் கொண்டாந்துட்டீகளா?"

பொன்னுத்தங்கம் விழித்தாள். "நான் வாங்கிட்டுப் போகல்ல வந்திருக்கேன் பாய்!"

"அதான் நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாகளே! உங்க பட்டறையில கூட இருக்குமே ஒரு அம்மா, முருகேஸ்வரி. வேலை பாக்கி இருக்கு, முடிச்சுத் தாரேன்னு கொண்டு போச்சு. அதுவரைக்கும் வச்சுக்கோங்கன்னு தன் வீட்டு அருவாமனையை வச்சுட்டுப் போயிருக்கு. நான் கறிக்கடையில அருவாமனையை வச்சு என்னம்மா செய்ய?"

கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. பேச்சுச் சத்தம் கேட்டு அவர் மனைவி சம்சாத் வெளியே வந்தார். பொன்னுத்தங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரோடு சேர்ந்து கதையெல்லாம் வெளியே வந்துவிட்டது. பலகை காணாமல் போனது, கை மாறியது, பெங்களூர்க் கோடு, எல்லாம்.

சம்சாத் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்ல கத்தி நாள் பூரா கை மாறிக்கிட்டேதான் இருக்கு. இந்தத் தெருவுலயே கறிக்கடை எம்புட்டு இருக்கு பாத்தீகளா? கத்தியால வந்த சண்டைன்னு ஒண்ணு நான் கண்டதில்ல தங்கச்சி. எல்லாம் வாயால வந்ததுதான்."

பொன்னுத்தங்கம் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளையும் நேத்து இங்கனதான் உக்காந்துச்சு" என்றார் சம்சாத். "அது ஒண்ணும் சொல்லல. கத்தியை மட்டும் தடவிக்கிட்டே இருந்துச்சு."

வெளியே வந்த பொன்னுத்தங்கம் அய்யப்பனிடம், "வண்டியைக் கண்ணாடிக் கடைக்கு விடுங்க" என்றாள்.

"மூஞ்சி பாக்குற கண்ணாடியா?"

"கண்ணுல போடுறது."

அய்யப்பன் வாயைத் திறந்தார். பிறகு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கேலி ஒன்றும் பேசாமல் மூடிக்கொண்டார். கடையில் அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குக் கிட்டப் போய், அதில் நல்ல நேரம் எழுதியிருப்பதை அந்தப் பொடி எழுத்தில் வாசித்தாள். வாசித்ததும் கடைக்காரரிடம், "இம்புட்டும் இத்தனை நாளா இங்கனதான் எளுதிக் கெடந்துச்சா?" என்றாள்.

பட்டறைக்குத் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனவள் நின்றுவிட்டாள். எதிர்ச்சாக்கில் முருகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹலீம் பாயின் கறிக்கத்தி. நடுவில் பலகை, அதில் ஒரு நாள் தாமதமாக வைத்த பொட்டு.

முருகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். வீராப்பாகத்தான் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைக் கண்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன யக்கா இது? பள்ளிக்கூடத்து டீச்சர் கணக்கா?"

"சிரிக்காத. ஹலீம் பாய் கத்தி எதுக்குட்டி உன்கிட்ட? நான் அங்கன போயிட்டு வெறுங்கையோட வாரேன்."

முருகேஸ்வரி சிரிப்பை விட்டுவிட்டுக் கத்தியைப் பார்த்தாள். "அன்னைக்குக் கோவத்துல ஒரு வேலை செஞ்சேன் யக்கா. இதுல நீ விட்ட கோடு ஒண்ணு இருந்துச்சு. தெரிஞ்சேதான் எடுக்காம எண்ணெயைத் தடவி வச்சேன். தெரியட்டும், யாரு விட்டதுன்னு ஊருக்கே தெரியட்டும்னு. வீட்டுக்குப் போனா சோறு எறங்கல. அது ஒருத்தன் காசு குடுத்து வாங்குன கத்தி. அதுல போயி உன்னைக் காட்டிக் குடுத்துட்டேனேன்னு இருந்துச்சு. அதான் நேத்துப் போய் வாங்கிட்டு வந்தேன். வீட்ல தாளு இல்ல. நீ வெளிய போயிருக்கன்னு பிரீத்தி சொல்லுச்சு, வந்து உக்காந்தேன்."

பொன்னுத்தங்கம் தன் சாக்கில் உட்கார்ந்தாள். "கீள வை, பாக்குறேன்."

கத்தி பலகைக்கு வந்தது. எடுத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. பிடிக்குப் பக்கத்தில் குறுக்காக, பெரிய தெரு மாதிரி கிடந்தது கோடு.

"இதையா நான் விட்டேன்? குருடிக்கே தெரியுமே!"

முருகேஸ்வரி நைஸ் தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டு நாளா என் கோட்டை அளிச்சுக்கிட்டிருக்க?"

"போன தீவாளி சீசனுக்கு முந்தியே."

"ஏட்டி, அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? ஒரு வார்த்தை சொன்னா கண்ணாடி வாங்கியிருப்பேன்ல?"

"நீயா? கண்ணு தெரியலன்னு ஒரு நாள் வாய் தவறிச் சொன்னதுக்கே என்ன பாடு படுத்துன! கண்ணாடின்னு சொன்னா நீ நின்னுருவ யக்கா. எனக்குத் தெரியாதா உன்னை? கழுகுக் கண்ணுக்குக் கண்ணாடியான்னு வீட்லயே உக்காந்துருவ." முருகேஸ்வரி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "கோடு அளிச்சா கைதான் வலிக்கும். நீ போயிட்டா என் எதிர்த்தாப்புல யாரு உக்காருவா?"

பொன்னுத்தங்கத்தின் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டு, புதுசாகத் தெரிய ஆரம்பித்த உலகம் மறுபடி மங்கிப்போனது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். செருப்புத் துண்டில் தாளைச் சுற்றிக் கோட்டின்மேல் வைத்து இழுத்தாள்.

"நான்தான் விட்டேன்" என்றாள் தாளைப் பார்த்துக்கொண்டே. "பெங்களூருக்குப் போனதும் நான் விட்டதுதான். தம்பிகிட்டச் சொல்லிர்றேன். உன்னையச் சொன்னது தப்பு."

முன்பக்கம் அய்யப்பன் இதைக் கேட்டு வண்டியைவிட்டு இறங்கிவிட்டார் என்று பிற்பாடு மகேஷ்குமார் சொன்னான்.

"திங்கக்கெளமை வண்டி?" என்று கேட்டாள் பொன்னுத்தங்கம்.

"எந்த வண்டி?" என்றாள் முருகேஸ்வரி.

கோடு மெலிந்தது, பிறகு மறைந்தது. பொன்னுத்தங்கம் கத்தியை வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். சுத்தம். இனி நைஸ் தாள் வேலை, ஹலீம் பாய்க்குப் பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும். எதிரே முருகேஸ்வரி எண்ணெயும் தாளுமாகத் தயாராகி, அவசரத்தில் கையை நீட்டினாள்.

"குடு யக்கா, நேரமாச்சு."

"கையை எடுட்டி" என்று அதட்டினாள் பொன்னுத்தங்கம். கத்தியைப் பலகைமேல், பொட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இப்ப எடுத்துக்கோ."